நூத்திப் பத்து வயசுப் பாப்பா

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். இல்லீங்க, எடம் போதுமுங்க. இந்த ஃபைலு மடங்கிரக் கூடாது பாருங்க, அதுக்குத்தான். மேல வைக்கலாமுங்க, ஆனா வேண்டாம். மடியிலயே இருக்கட்டும்.

தாராபுரமுங்களா? நானும் தாராபுரந்தான். வேலைன்னு ஒண்ணும் இல்லீங்க. போய் எறங்கி ஒரு டீயக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்தர்றதுதான். ஏன் சிரிக்கறீங்க? மனுசன் ஒரு நாள் சும்மா பஸ்ஸுல போகக் கூடாதுங்களா?

மணி என்னங்க? ஒம்போது அம்பதா. சரி. இன்னும் ரெண்டு மணி நேரம் சொச்சம். பன்னண்டு ஆயிருச்சுன்னா முடிஞ்சுது.

ஃபோனுங்களா? அடிக்கட்டும் விடுங்க. யாருன்னு தெரியும், எதுக்குன்னும் தெரியும். பாக்கெட்டுக்குள்ள கெடந்து அதும்பாட்டுக்கு அடிச்சுட்டுப் போவுது.

பாக்கெட்டுல பேனா வெச்சிருக்கீங்க, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுங்களா? அப்ப நாலு மனுசங்களப் பாத்திருப்பீங்க. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கறேன். நீங்க எல்ஃப்னு கேள்விப்பட்டிருக்கீங்களா சார்?

வெள்ளைக்காரங்க கதையில வருமுங்க. காது கூரா இருக்கும், காட்டுக்குள்ள இருக்கற சனம். எழுநூறு, எண்ணூறு வருசம் உசுரோட இருப்பாங்க. நோவு கெடையாது, மூப்பு கெடையாது. அதை வெச்சு ஒரு ஆட்டம் இருக்குதுங்க. ஓடற ஆட்டம் இல்லீங்க, மேசையச் சுத்தி உக்காந்து பேசிப் பேசியே ஆடறது. ஒருத்தன் உலகத்தை நடத்துவான். மழை பெய்யுதா, கதவு பூட்டியிருக்குதா, ராசா என்ன சொல்றாரு, எல்லாம் அவன் வாயில இருந்துதான் வரும். அது நானுங்க. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. 'நான் அந்தக் கதவ ஒடைக்கறேன்'ம்பாங்க. ஒடையுமா ஒடையாதான்னு பாக்க இருவது மொகம் இருக்கற பகடைய உருட்டணும். ஒண்ணு விழுந்தா நாசம். இருவது விழுந்தா நெனச்சது நடக்கும், உலகத்தை நடத்தறவனே வந்து தடுத்தாலும் நடக்கும். அது சட்டம்.

ஒண்டிப்புதூர்ல யாக்கோபுன்னு என்ர சிநேகிதன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். அந்தக் கடை மாடியில, ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு. பதினோரு வருசமா ஆடறோமுங்க. யாக்கோபு, இன்னும் ரெண்டு பேரு, அப்பறம் என்ர தங்கச்சி கோகிலவாணி. இருவத்தெட்டு வயசாச்சுங்க. எனக்கு இன்னும் பாப்பாதான். பாப்பான்னுதான் கூப்பிடுவேன்.

பாத்தீங்களா, மறுபடி அடிக்குது. அடிக்கட்டும்.

மத்தவங்க நடத்தற ஆட்டத்துல எல்ஃப்னா பாட்டுப் பாடுவான், அம்பு விடுவான், அவ்வளவுதான். எனக்கு அது ஆகாதுங்க. பம்ப்செட் கம்பெனியில பதினேழு வருசமா குவாலிட்டி செக்கிங் நானு. கண்ணால பாக்காம, கையால தொடாம ஒரு பீஸு என்னத் தாண்டிப் போனதில்ல. எண்ணூறு வருசம் ஒரு சனம் உசுரோட இருக்குதுன்னா அவங்க எப்படிப் பொழைக்கறாங்கன்னு யாராச்சும் யோசிச்சாங்களா? நான் யோசிச்சனுங்க. அம்மா ஒவ்வொருத்தியும் மூணு புள்ள பெத்தாக்கூட, சாவு லேசுல வராத ஊருல ரெண்டாயிரம் வருசத்துல காடு நெறைஞ்சு நிக்க எடம் இருக்காது. அப்ப என்ன பண்ணுவாங்க? ஒரு பெரியவரு போனாத்தான் ஒரு புள்ள பொறக்கலாம்னு வெச்சேன். பெரியவங்கதான் போறதே இல்லையே. அதனால ஊருக்கு ஒண்ணு ரெண்டு புள்ளைங்கதான். அதனால அந்தப் புள்ளைய ஊரே கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தும். வெளிய உட மாட்டாங்க. இருநூறு வயசுல வெளிய போயிச் செத்துட்டான்னா அறுநூறு வருசமில்லீங்க வீணாப் போச்சு?

அதுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணுனேன். பொறந்ததும் மரத்துல ஒரு இலை செதுக்குவாங்க. பிறப்பு இலை. பேரு, குலம், படிச்ச வித்தை எல்லாம் அதுல இருக்கும். வீட்டுப் பெரியவருகிட்டத்தான் இருக்கும் அது. காட்டு எல்லையில காவக்காரங்கிட்ட அதைக் காட்டுனாத்தான் வெளிய போக முடியும். எப்படி? ஓட்டையே இல்லைல்லீங்க? ரெண்டு குயர் நோட்டு நெறைய எழுதி வெச்சிருக்கனுங்க.

பாப்பாவுக்கு எல்ஃப் பாத்திரந்தான் வேணும்னா. மின்னலின்னு பேரு வெச்சா. ஆட்டப் புத்தகத்துல போட்டிருக்கறது நூறு வயசுக்கு மேலதான் எல்ஃபு பெரிய மனுசி. நான் எதுக்கும் இருக்கட்டும்னு நூத்தி இருவதுன்னு ஏத்தி வெச்சிருந்தேன். இவ நூத்திப் பத்துன்னு எழுதுனா.

ஆட ஆரம்பிச்ச மொத நாளே கேட்டா. "ஏங்ணா, இருவது வயசுலயே அவ முழுசா வளந்தர்றால்லீங்க? மிச்சம் தொண்ணூறு வருசம் என்ன பண்றா?"

"கத்துக்கறா"ன்னேன்.

"தொண்ணூறு வருசம் கத்துக்கிட்டவளுக்கு எப்படீங்ணா இருவது வயசு மனுசனுக்குத் தெரிஞ்ச அளவுதான் தெரியுது?"

யாக்கோபு சிரிச்சுட்டான். நானும் விடலீங்க. ஒரு வாரம் யோசிச்சுப் பதில் கொண்டாந்தேன். பெரியவங்க யாரும் எடத்தக் காலி பண்றதில்ல. அதனால சின்னவங்களுக்கு வேலையே கெடைக்கறதில்ல. வேலை செய்யாம எப்படிக் கை பழகும்? அதான் தெரியல. நியாயமா இருக்குதுல்லீங்க?

அதுக்கும் ஒரு கேள்வி கேட்டா. "நூத்தி இருவது வரைக்கும் குழந்தைன்னு எழுதுனது யாருங்ணா?"

"சபையில இருக்கற பெரியவங்க."

"நூத்தி இருவது ஆனதும் நூத்தி அம்பதுன்னு அவங்க மாத்தி எழுதுனா?"

"எழுதலாம். அவங்களுக்கு அதிகாரம் இருக்குது. அதுதான் அந்தச் சமூகத்தோட அழகே பாப்பா"ன்னேன். அவ பென்சிலக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்துட்டு இருந்தா.

சூலூர் தாண்டிருச்சுங்களா? தாண்டிருச்சு. நல்லது.

அப்பனும் ஆத்தாளும் ஒரே வருசத்துல போயிட்டாங்க சார். அப்ப பாப்பாவுக்குப் பன்னண்டு வயசு, எனக்கு இருவத்தஞ்சு. நாந்தான் வளத்தேன். தல சீவி விட்டிருக்கேன், பள்ளிக்கோடத்துக் கூட்டத்துக்குப் போயிருக்கேன். ரேங்க் கார்டுல நான் கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவா. "இங்கீங்ணா"ம்பா. நான் அவசரத்துல எங்கயாச்சும் கிறுக்கிருவேன்னு. எனக்குப் பொண்ணு பாத்தாங்க. பாப்பா ஒரு நெலைக்கு வரட்டும்னு நாந்தான் தள்ளிப் போட்டேன். இப்ப நாப்பத்தி ஒண்ணு. அதப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. சத்தியமா இல்ல.

ஃபிசிக்ஸ் படிச்சா. கோல்டு மெடல். இந்தா, ஃபைலுக்குள்ள உருண்டையா முட்டுதே, தொட்டுப் பாருங்க, அந்த மெடலாத்தான் இருக்கும். சென்னையில மேல படிக்க எடம் கெடைச்சுது. ஹாஸ்டலு சரியில்லைன்னேன், கேட்டுக்கிட்டா. அப்பறம் புனேயில வேலை. மூணு வருசம் போகட்டும்னேன். அதையும் கேட்டுக்கிட்டா. இப்ப வானிலை ஆராய்ச்சியில வேலை கெடைச்சிருக்குது. போஸ்டிங் எங்கன்னு நெனக்கறீங்க? ஷில்லாங். மேப்புல பாத்தனுங்க. நம்ம ஊருல இருந்து அதுக்கு மேல போறதுக்கு நாடே இல்ல.

சர்டிபிகேட் சரிபாக்கறது இன்னைக்கு. கோயமுத்தூர்லயே. ஒரிஜினல் கையில இருக்கணும், பன்னண்டு மணிக்குள்ள போயிரணும். போகலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்.

ஆமாங்க. இதுதான் அந்த ஃபைலு.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன கிழிச்சா போட்டுட்டேன்? பத்திரமா மடியில வெச்சிருக்கேன். சாயந்திரம் கொண்டுபோயி அதே பீரோவுல வெச்சிருவேன். உள்ளூர்லயே ஒரு காலேஜுல பேசியிருக்கேன், வர்ற மாசம் சேந்துக்கலாம். அவ நல்லதுக்குத்தானுங்க.

நான் எல்ஃபப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். அதை முடிச்சர்றேன். நியாயம் கேட்டனே, அது அதுலதான் இருக்குது.

ரெண்டு மாசம் முந்தி ஆட்டத்துல ஒரு கேள்வி கேட்டா. மின்னலி மூணு வாட்டி சபைக்கு எழுதிக் குடுத்தா, மூணு வாட்டியும் சபை முடியாதுன்னுருச்சு. சபைன்னா நாந்தான். "சரிங்ணா, பெரியவரு அந்த இலைய எங்க வெச்சிருக்காரு?"

"பெட்டியில."

"சாவி?"

"இடுப்புல."

"தூங்கறப்ப எடுத்தர்றேன்."

"எல்ஃபு தூங்காது பாப்பா. கண்ணத் தொறந்துட்டே தியானம் பண்ணும். புத்தகத்துலயே இருக்குது."

"அப்ப எடுக்கவே முடியாதுங்களா?"

முடியாதுன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருக்கலாமுங்க. மனசு ஒப்பல. ஓட்டையே இல்லாத ஒரு ஏற்பாட்டை எவன் நம்புவான்? எந்தப் பம்ப்பும் எங்கியோ ஒரு எடத்துல கசியும், எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் மண்டைய ஒடைச்சு வழியக் கண்டுபுடிச்சேன். பெரியவரு அந்தப் பெட்டிய வேற ஒண்ணுக்காக அவரே தொறப்பாரு. அவரு எழுதுன ஏடு, அவருக்கு அது உசுரு. அதை எடுத்ததும் கண்ணு அதுலதான் இருக்கும். பூட்டறதுக்கு வேற யாருகிட்டயாச்சும் சாவியக் குடுத்திருவாரு. அப்ப எடுத்துக்கலாம். எடுத்துட்டு அதே மாதிரி வேற ஒரு இலைய வெச்சுட்டாப் போதும். அப்பறம் அவரு தொறந்தே பாக்க மாட்டாரு. ஐநூறு வருசமா இருக்கற எடத்துலதான் இருக்கும்னு ஒரு தெம்பு. அதுதான் எல்ஃபோட பலவீனம்னு சொன்னேன்.

யாக்கோபு மேசையத் தட்டுனான் சார். "எப்பேர்ப்பட்ட மூளைடா உனக்கு"ன்னான். பாப்பா அதை அவ தாளுல எழுதி வெச்சுக்கிட்டா. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுங்களா.

மணி? பத்து நாப்பத்தஞ்சு. ம்.

போன ஞாயித்துக்கிழமைதானுங்க வெனை. எப்பவும் போல பீரோவத் தொறந்து என்ர எல்ஃப் நோட்டை எடுத்தேன். அந்த நோட்டும் பீரோவுலதான் வெச்சிருப்பேன், இந்த ஃபைலுக்குப் பக்கத்துலயே. சாவிய பாப்பா கையில குடுத்து, "பூட்டிட்டு வா சாமி"ன்னுட்டு வண்டிய எடுக்கப் போயிட்டேன். அங்க போனா, மின்னலி இன்னைக்கு இலைய எடுக்கறாங்கறா. சரி, உருட்டுன்னேன். உருட்டுனா.

இருவது.

எல்லாரும் கத்திட்டாங்க. ஆட்டந்தானே, விட்டிருக்கலாம். விட முடியலீங்க. பகடை நோட்டோட ஓரத்துல நின்னுட்டு இருந்துது. "கோணலா நிக்குது, செல்லாது"ன்னேன். யாக்கோபு குனிஞ்சு பாத்துட்டு, "தட்டையாத்தாண்டா இருக்குது ரத்தினம்"னான். "சந்தேகம்னா ரிஜெக்ட். மறுபடி உருட்டு"ன்னேன். பதினோரு வருசத்துல இருவது விழுந்ததை நான் இல்லைன்னது அது ஒண்ணுதானுங்க.

அவ உருட்டல. சண்டையும் போடல. பகடைய எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டா. "சரிங்ணா, ஆட்டத்துல நீங்க சொல்றதுதான் சட்டம்"னா. வீட்டுக்கு வந்ததும் நோட்டை அவளே வாங்கி, சாவிய வாங்கி, பீரோவுல வெச்சுப் பூட்டி, சாவியத் திருப்பிக் குடுத்தா. சமாதானம் ஆயிட்டான்னு நெனச்சேன்.

இப்பச் சொல்லுங்க. ஓரத்துல நின்ன பகடை செல்லுமா, செல்லாதா? நீங்க வெளி ஆளு. உங்க நியாயத்தைச் சொல்லுங்க.

ஏன் மறுபடி ஃபைலையே பாக்கறீங்க?

காலையில என்கிட்ட ஃபைலைக் கேப்பான்னு பாத்தனுங்க. கேக்கல. கேட்டிருந்தாப் பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம். கேட்டு, அழுதிருந்தா ஒருவேளை குடுத்துக்கூட இருப்பேன். கேக்கவே இல்ல. தக்காளிச் சோறு கிண்டி எனக்கு டப்பாவுல போட்டு வெச்சுட்டுக் குளிக்கப் போனா. எனக்கு பயமாப் போச்சுங்க. பீரோவத் தொறந்தேன், ஃபைலை எடுத்தேன், சிங்காநல்லூர் வந்து மொத பஸ்ஸுல ஏறிட்டேன். இந்நேரம் பீரோவப் பாத்திருப்பா. அதான் அடிச்சுட்டே இருக்கா. எடுத்துப் பேசுனா அவ குரலுக்கு நான் எறங்கிருவேன் சார். அதான் எடுக்கல.

தொறந்து பாக்கறதா? எதுக்குங்க? நீல ஃபைலு, ஓரத்துல ஜிப்பு போயி நூலு தொங்குது. ஆறு வருசமா பீரோவுல அதே எடத்துல இருக்குது. இதுல பாக்கறதுக்கு என்ன...

...

இல்லீங்க. மொதல்ல ஃபோனப் பாத்தர்றேன்.

பன்னண்டு மிஸ்டு கால் இருக்குது. யாக்கோபு. யாக்கோபு. இதுவும் யாக்கோபு. எல்லாமே யாக்கோபுதானுங்க சார். பாப்பா ஒண்ணுகூடக் கூப்பிடல. ஒண்ணுகூட.

மெசேஜு ஒண்ணு இருக்குது. 'ரத்தினம், வாணி உள்ள போயிருச்சு. பெரியவங்க யாராச்சும் கூட வந்தாத் தைரியமா இருக்கும்னு என்னக் கூப்புட்டுச்சு. நான் வெளியதான் நிக்கறேன். வேலை முடியப் பன்னண்டரை ஆகும்ங்கறாங்க. நீ எங்கடா இருக்க? நீ வந்து நின்னா நல்லா இருக்கும்.'

உள்ள எப்படிப் போனா? ஒரிஜினல் இல்லாம எப்படீங்க உள்ள...

இந்த ஜிப்பு ஒரு எழவு, தொறக்காது. கொஞ்சம் புடிங்க.

சர்டிபிகேட் இல்லீங்க. அத்தனையும் வெள்ளைத்தாளு. யாக்கோபு கடைத் தாளு. இது மேல இருக்கறது மின்னலியோட பாத்திரத் தாளு, நாந்தான் கட்டம் போட்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். பேரு மின்னலி. வயசு நூத்திப் பத்து. அதை அடிச்சுட்டுப் பக்கத்துல இருவத்தெட்டுன்னு எழுதியிருக்கறா. மெடலுன்னு சொன்னனே, அது இல்லீங்க. பகடை. செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கறா பாருங்க. இருவது மேல இருக்குது. தட்டையாத்தான் இருக்குது.

ஞாயித்துக்கிழமை சாவிய நாந்தானுங்க குடுத்தேன். போறப்ப ஒருக்கா, வந்தப்பறம் ஒருக்கா. வழியும் நாந்தான் சொல்லிக் குடுத்தேன், ஒரு வாரம் யோசிச்சு.

இருங்க, கீழ இன்னொண்ணு இருக்குது. எல்ஃப் தாளுக்கெல்லாம் கடைசியில ஒரு வரி வெச்சிருந்தேன். மூத்தவர் ஒப்புதல்னு. அதுல அவ எதுவும் எழுதல. காலியா விட்டிருக்கறா. பக்கத்துல பென்சில்ல...

சின்னதா ஒரு பெருக்கல் குறி சார்.

இல்லீங்க, ஒண்ணும் இல்ல. ஜன்னலோரம் தூசி.

பல்லடம் வந்துருச்சுங்களா? இங்க எறங்குனா திரும்பிப் போற பஸ்ஸு உடனே கெடைக்குமுங்களா? பதினொண்ணு ஆகுது. பன்னண்டரைக்குள்ள போயிரலாமுங்களா? போயிரலாம். போயி நின்னுட்டாப் போதும், வெளியதான் வருவா. சாப்பிட்டிருக்க மாட்டா, டப்பாவுல சோறு இருக்குது.

சார், அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க. ஆட்டத்துக்குத்தானுங்க, வேற ஒண்ணும் இல்ல. இந்த ஃபைல இப்படிக் கெட்டியாப் புடிச்சுக்குங்க, டிரைவர் பிரேக் போடட்டும், பஸ்ஸு முழுசா நிக்கட்டும். கோணலாப் போட்டா பாப்பா செல்லாதுன்னுருவா.